பழைய கீபோர்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்விட்சைப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசஸர் என்ன, ராம் எவ்வளவு, டிஸ்க் எத்தனை ஜி.பி. என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். கீபோர்டு என்று வந்துவிட்டால் மட்டும், "ஏதாவது ஒன்று கொடுங்கள்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கம்ப்யூட்டரில் நம் விரல் அதிக நேரம் படுகிற பாகம் அதுதான். சில மாதங்கள் தொடர்ந்து டைப் செய்த பிறகுதான், "என்ன இது, பிசைந்த மாவில் விரலை அழுத்துவது போல் இருக்கிறதே!" என்று தோன்றும்.

அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "அந்தக் காலத்துக் கீபோர்டு ஒன்றைத் தேடி வாங்குங்கள். இரும்பு மாதிரி உழைக்கும். ஒவ்வொரு கீயும் விரலுக்குப் பதில் சொல்லும்." அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த சில கீபோர்டுகள் இன்றும் வேலை செய்கின்றன. அவற்றைத் தேடி அலைபவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். படத்தில் பார்த்த அதே கீபோர்டு. அதே நிறம், அதே கம்பெனி, அதே வடிவம். பணம் கட்டி, கூரியர் செலவும் கொடுத்து, பார்சலைப் பிரித்து, இணைத்து, முதல் கீயை அழுத்தினால்... எதிர்பார்த்த "டக்" இல்லை! கீ மெத்தென்று இறங்குகிறது. கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த கீபோர்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காரணம், வெளிக்கூடு நீங்கள் கேட்டதுதான். உள்ளே இருக்கிற ஸ்விட்ச் வேறு.

இந்த ஏமாற்றம் வராமல் எப்படி வாங்குவது என்று பார்ப்போம்.

ஸ்விட்ச் என்றால் என்ன?

கீபோர்டில் நாம் தொடுவது கீயின் மேல்மூடி. இதைக் கீகேப் என்பார்கள். 'அ' அல்லது 'ஏ' என்ற எழுத்து அச்சாகியிருப்பது இதன் மேல்தான். இதற்குக் கீழே, அழுத்தத்தை வாங்கி மின்தொடர்பை உண்டாக்கும் அமைப்புக்குத்தான் ஸ்விட்ச் என்று பெயர்.

இன்று கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருகிற மலிவான கீபோர்டுகளில் ஒவ்வொரு கீயின் கீழும் சிறிய ரப்பர் குமிழ் இருக்கும். இது ரப்பர் டோம் வகை. கீயை அழுத்தினால் குமிழ் அமுங்கி, அதன் கீழே உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை ஒன்றோடொன்று தொட வைக்கும். தயாரிக்கச் செலவு குறைவு. சத்தமும் குறைவு. ஆனால் குமிழ் ஏறக்குறைய முழுவதும் அமுங்கினால்தான் எழுத்து விழும். வருடங்கள் போகப் போக ரப்பர் தளர்ந்துவிடும்.

மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு கீயின் கீழும் தனித்தனி ஸ்விட்ச் இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு தண்டு, ஓர் உலோகத் தொடர்பு. செர்ரி கம்பெனியின் எம்.எக்ஸ். ஸ்விட்சை எடுத்துக்கொண்டால், கீ முழுவதும் இறங்கும் தூரம் 4 மில்லிமீட்டர். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து திரையில் விழுந்துவிடும். அடிவரை இடிக்கத் தேவையில்லை. பழகியவர்கள் இந்தச் சுகத்துக்காகத்தான் பழைய கீபோர்டைத் தேடுகிறார்கள்.

மூன்று குணங்கள்

ஸ்விட்சுகளில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. புதியவர்கள் மூன்று குணங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது லீனியர். அழுத்தத் தொடங்கியதிலிருந்து அடி வரை ஒரே சீராக இறங்கும். தடையும் தெரியாது, சத்தமும் வராது. எங்கே எழுத்து விழுந்தது என்பதை விரல் உணராது.

இரண்டாவது டேக்டைல். பாதி வழியில் ஒரு சிறு மேடு தட்டுப்படும். அந்த மேட்டைத் தாண்டினால் எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். தனியாக க்ளிக் சத்தம் இருக்காது.

மூன்றாவது க்ளிக்கி. மேடும் உண்டு, "க்ளிக்" என்ற ஓசையும் உண்டு. டைப்ரைட்டரில் பழகியவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். பக்கத்தில் தூங்குகிறவர்களுக்குப் பிடிக்காது!

"தவறான ஸ்விட்ச்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் பழுதான ஸ்விட்சை அல்ல. க்ளிக்கி வேண்டும் என்று நினைத்தவருக்கு லீனியர் வந்துவிட்டது, அல்லது மெக்கானிக்கல் வேண்டும் என்றவருக்கு ரப்பர் டோம் வந்துவிட்டது என்பதுதான் பொருள். ஆகவே வாங்கப் போகுமுன் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். குழந்தை தூங்கும் அறையில் இரவு பதினொரு மணிக்கு டைப் செய்பவர் க்ளிக்கி பக்கமே போக வேண்டாம்.

ஐ.பி.எம். மாடல் எம்: பெயர் மட்டும் போதாது

பழைய கீபோர்டு என்றாலே முதலில் வரும் பெயர் ஐ.பி.எம். மாடல் எம். 1985-ல் வரத் தொடங்கிய இது, இரண்டு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. இன்று நாம் பயன்படுத்தும் முழு அளவுக் கீபோர்டின் அமைப்பு, அதாவது மேலே எஃப் கீகள் வரிசை, நடுவில் அம்புக்குறிகள், வலப்புறம் எண்கள் என்கிற ஏற்பாடு, இந்தக் கீபோர்டால் பரவியதுதான்.

இதன் பெருமைக்குக் காரணம் உள்ளே இருக்கும் வளையும் ஸ்பிரிங். கீயை அழுத்தும்போது ஸ்பிரிங் முதலில் சுருங்கும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் பக்கவாட்டில் மடங்கும். மடங்கும் வேகத்தில் கீழே உள்ள சிறு சுத்தியல் போன்ற துண்டைச் சாய்த்து எழுத்தைப் பதிவு செய்யும். அந்த நொடியில்தான் புகழ்பெற்ற "டக்" ஓசை எழுகிறது. இந்த அமைப்புக்காக ஐ.பி.எம். நிறுவனத்தின் ரிச்சர்ட் ஹன்டர் ஹாரிஸ் 1978-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

சரி, மாடல் எம் என்று பெயர் இருந்தால் ஸ்பிரிங் இருக்கும் என்று நம்பலாமா? கூடாது. அலுவலகங்களில் சத்தம் வேண்டாம் என்றவர்களுக்காக அதே குடும்பத்தில் 'குவயட் டச்' என்ற பெயரில் ரப்பர் டோம் வைத்த கீபோர்டும் வந்தது. வெளிக்கூட்டைப் பார்த்தால் அண்ணன் தம்பி போலவே இருக்கும். அழுத்தினால்தான் வித்தியாசம் தெரியும். விற்பவர் "ஐ.பி.எம். மாடல் எம், ஒரிஜினல்" என்று எழுதினால் அது பொய்யும் இல்லை. ஆனால் நீங்கள் தேடுவது அது இல்லை!

அடையாளம் காண்பது எப்படி? கீபோர்டைத் திருப்பினால் பின்னால் ஒரு லேபிள் இருக்கும். அதில் பார்ட் நம்பரும் தயாரிப்பு நாளும் அச்சாகியிருக்கும். அதிகமாகக் கிடைக்கிற ஸ்பிரிங் வகையின் எண் 1391401. குவயட் டச் வகைக்கு 71ஜி4644 என்ற எண் வரும். பார்ட் நம்பரைக் கேட்டு வாங்கி, அதை இன்டர்நெட்டில் தேடிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

கீகேப்பைக் கழற்றியும் பார்க்கலாம். ஸ்பிரிங் வகையில் ஒரு குழாயும் அதன் நடுவே ஸ்பிரிங்கும் தெரியும். சில மாடல் எம் கீபோர்டுகளில் மேல்மூடி, அதற்கு அடியில் இன்னொரு பாகம் என்று இரண்டு அடுக்கு இருக்கும். இரண்டையும் எடுத்தால்தான் ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரியும். மேல்மூடியை மட்டும் எடுத்துவிட்டு "ஸ்பிரிங்கைக் காணோமே" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

செர்ரி: ஓர் எண் மாறினால் எல்லாம் மாறும்

ஜெர்மனியின் செர்ரி கீபோர்டுகளைத் தேடுவோரும் உண்டு. இன்றைய மெக்கானிக்கல் கீபோர்டுகளில் பெரும்பாலானவை பின்பற்றுவது 1980களில் வந்த செர்ரியின் எம்.எக்ஸ். ஸ்விட்சின் வடிவத்தைத்தான். தண்டின் தலை கூட்டல் குறி போல இருக்கும்.

செர்ரியில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் மாடல் எண். ஜி80-3000 என்று ஒன்று. ஜி81-3000 என்று ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைக் குழந்தைகள்! ஆனால் ஜி80-ல் இருப்பது எம்.எக்ஸ். ஸ்விட்ச். ஜி81-ல் இருப்பது எம்.ஒய். என்ற வேறு வகை. எம்.ஒய். வகையில் ஸ்பிரிங் இருந்தாலும், மின்தொடர்பு நடப்பது ரப்பர் டோம் கீபோர்டைப் போல பிளாஸ்டிக் தாள்களில்தான். அழுத்தவும் கனமாக இருக்கும். எம்.எக்ஸ். தேடி வந்தவர் இதில் டைப் செய்தால் முகம் சுளிப்பார்.

ஜி83 என்று தொடங்கினால் ரப்பர் டோம். ஜி84 என்றால் உயரம் குறைந்த எம்.எல். ஸ்விட்ச். ஆக, எழுத்துக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்களே குடும்பத்தைச் சொல்லிவிடுகின்றன.

இன்னொரு விஷயம். "கீகேப்பைக் கழற்றிப் பார்த்தேன், கூட்டல் குறி இருக்கிறது, அதனால் எம்.எக்ஸ்.தான்" என்று விற்பவர் சொல்லலாம். எம்.ஒய். வகையிலும் கீகேப் மாட்டும் இடம் கூட்டல் குறி வடிவம்தான். எனவே செர்ரியைப் பொறுத்தவரை பின்பக்க லேபிள் படம் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

லேபிளில் ஜி80 என்று இருக்கிறது. அத்துடன் நிம்மதி அடையலாமா? இல்லை. ஜி80-3000 கீபோர்டே கருப்பு, நீலம், பிரவுன் என வெவ்வேறு ஸ்விட்சுகளோடு வந்திருக்கிறது. கருப்பு லீனியர், அதை அழுத்த சுமார் 60 கிராம் அழுத்தம் தேவை. நீலம் க்ளிக்கி. பிரவுன் டேக்டைல். எனவே தண்டின் நிறத்தையும் பார்த்தாக வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பினால்?

தண்டின் நிறத்தைப் பார்த்தால் போதுமே என்று தோன்றும். அதற்கு முன் அது எந்தக் கம்பெனி ஸ்விட்ச் என்று தெரிய வேண்டும். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி நிறம் கொடுத்தது.

ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனம் 1980களிலும் 1990களிலும் ஏராளமான ஸ்விட்சுகளைச் செய்தது. பல கம்பெனிகள் அவற்றை வாங்கித் தங்கள் கீபோர்டில் பொருத்தின. செர்ரியையும் ஆல்ப்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கருப்பு: செர்ரியில் லீனியர். ஆல்ப்ஸில் டேக்டைல்.

பச்சை: செர்ரியில் கனமான க்ளிக்கி. ஆல்ப்ஸில் லீனியர்.

நீலம்: இரண்டிலும் க்ளிக்கி. ஆனால் ஓசையும் உணர்வும் வேறு.

"பச்சை ஸ்விட்ச், நல்ல சத்தம் வரும்" என்று செர்ரியைப் பற்றிப் படித்தவர், ஆல்ப்ஸ் பச்சையை வாங்கினால் சத்தமே வராத கீபோர்டு வீட்டுக்கு வரும். இரண்டையும் பிரித்துச் சொல்வது சுலபம். செர்ரி எம்.எக்ஸ். தண்டு கூட்டல் குறி. ஆல்ப்ஸ் தண்டின் மேல் நீளவாக்கில் ஒரு செவ்வகத் துளை. ஆனால் ஆல்ப்ஸ் வடிவத்தைப் பார்த்துப் பிற கம்பெனிகள் செய்த நகல்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஆப்பிள், டெல்: இங்கேயும் கவனம்

ஆப்பிளின் எக்ஸ்டெண்டட் கீபோர்டு 2 மிகவும் பெயர் பெற்றது. அழுத்தினால் மேடு தெரியும், சத்தம் அடங்கியிருக்கும். இதில் பெரும்பாலானவை ஆல்ப்ஸ் ஸ்விட்சுடன் வந்தன. ஆனால் அதே பெயரில், எம்3501 என்ற அதே மாடல் எண்ணில், மிட்சுமி ஸ்விட்ச் வைத்தவையும் வந்தன. இங்கே மாடல் எண்ணும் உங்களைக் காப்பாற்றாது. ஒரு கீயைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதுதான் ஒரே வழி.

டெல் கீபோர்டுகளில் ஏடி101டபிள்யூ என்ற மாடலில் ஆல்ப்ஸ் கருப்பு ஸ்விட்ச் இருக்கும். அதே காலத்தில், ஏறக்குறைய அதே தோற்றத்தில், 'குவயட்கீ' என்ற பெயரில் வந்தவை ரப்பர் டோம். "பழைய டெல் கீபோர்டு, கனமானது" என்ற விளம்பரத்தைப் பார்த்து இரண்டில் எது என்று சொல்லவே முடியாது.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. டி.வி.எஸ். கோல்டு கீபோர்டின் "டக் டக்" ஓசை பலருக்கும் நினைவிருக்கும். பல ஆண்டுகள் அதில் வந்தது செர்ரியின் நீல ஸ்விட்ச். அதே கம்பெனியின் சாம்ப் கீபோர்டு ரப்பர் டோம் வகையைச் சேர்ந்தது. பழைய சாமான் கடையில் "டி.வி.எஸ். கீபோர்டு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வரும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். கோல்டு என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வாங்குமுன் நான்கு கீகளைத் தட்டிப் பாருங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய மூன்று படங்கள்

தூரத்திலிருந்து வாங்குகிறீர்கள் என்றால் இந்த மூன்று படங்களும் வராமல் பணம் அனுப்பாதீர்கள்.

1. பின்பக்க லேபிள். எண்கள் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். பாதி கிழிந்த லேபிள் என்றால் அடுத்த படத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

2. கீகேப் கழற்றிய நிலையில் ஸ்விட்ச். இதற்கு ஓர் எழுத்துக் கீயைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்பேஸ் பாரையோ கேப்ஸ் லாக்கையோ கழற்றிக் காட்டினால் போதாது. பல கீபோர்டுகளில் ஸ்பேஸ் பாருக்குக் கீழே மட்டும் கனமான வேறு ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். கேப்ஸ் லாக்கில் அழுத்தினால் அப்படியே நிற்கிற தனி ஸ்விட்ச் இருக்கலாம். மேலும் ஸ்பேஸ் பார், என்டர் போன்ற நீளமான கீகளில் கம்பி மாட்டியிருக்கும். பழக்கமில்லாதவர் இழுத்தால் உடைந்துவிடும்.

3. ஒயரின் முனையில் உள்ள ப்ளக். இது ஏன் என்று கீழே சொல்கிறோம்.

இவற்றோடு, டைப் செய்யும் சிறு வீடியோ ஒன்றையும் கேட்கலாம். க்ளிக்கியா இல்லையா என்று காதால் கேட்டே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். "நேரமில்லை, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்கிறவரிடம், "பரவாயில்லை, நன்றி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பழைய மாடல் எம் போன்றவை மிகவும் கனம். தூரத்திலிருந்து வரவழைக்கும் செலவு கீபோர்டின் விலையையே நெருங்கிவிடும். திருப்பி அனுப்பவும் அதே செலவு. அதனால் பிடிக்காத கீபோர்டு வந்தால் பெரும்பாலும் உங்களிடமேதான் தங்கிவிடும்.

நேரில் வாங்கினால்

நேரில் பார்த்து வாங்க முடிந்தால் மிகவும் நல்லது. எல்லாக் கீகளையும் ஒரு முறை அழுத்துங்கள். ஒன்றுக்கொன்று உணர்வு மாறுகிறதா என்று பாருங்கள். ஆல்ப்ஸ் ஸ்விட்ச் தூசிக்கு ஆகாது. உள்ளே தூசி படிந்திருந்தால் கீ உரசிக்கொண்டு இறங்கும், சில சமயம் மேலே வரத் தயங்கும். மேலே துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாலும் விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

மாடல் எம் என்றால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். உள்ளே சிறு துண்டுகள் உருளும் சத்தம் வந்தால், அடித்தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் உடைந்திருக்கக்கூடும். ஒன்றிரண்டு உடைந்தால் பாதகமில்லை. நிறைய உடைந்தால் கீகள் சரியாக வேலை செய்யாது. சரி செய்யலாம், ஆனால் முழுவதும் பிரிக்க வேண்டும். புதியவர்களுக்கான வேலை அல்ல.

கம்ப்யூட்டரில் இணைக்க முடிந்தால் நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக அடியுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுகிறதா, ஏதாவது கீ வேலை செய்யவில்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ப்ளக்கும் ஸ்விட்ச் அளவுக்கு முக்கியம்

சரியான ஸ்விட்ச் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டரில் மாட்ட இடம் வேண்டுமே!

ஆறு ஊசிகள் உள்ள சிறிய வட்ட ப்ளக் பிஎஸ்/2. உங்கள் கம்ப்யூட்டரில் அந்தத் துளை இருந்தால் நேராக மாட்டலாம். ஆனால் கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். யூ.எஸ்.பி. போல ஓடிக்கொண்டிருக்கும்போது செருகக் கூடாது.

யூ.எஸ்.பி. மட்டும்தான் இருக்கிறது என்றால் மாற்றி தேவை. கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் குட்டி ப்ளக் பழைய கீபோர்டுக்கு உதவாது. அது ஒயரை மட்டும்தான் மாற்றி இணைக்கும். உள்ளே சிப் உள்ள மாற்றியைக் கேட்டு வாங்குங்கள். மாடல் எம் போன்றவை அதிக மின்சாரம் இழுப்பதால் சில மாற்றிகளில் அவை சரியாக ஓடாது. எனவே கீபோர்டின் பெயரைச் சொல்லியே வாங்குவது நல்லது.

ஐந்து ஊசிகள் உள்ள பெரிய வட்ட ப்ளக் என்றால் இன்னும் கவனம். அது ஏடி வகையாக இருந்தால் பிஎஸ்/2-க்கு மாற்றச் சாதாரண இணைப்பே போதும். ஆனால் 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யின் எக்ஸ்டி வகைக் கீபோர்டுக்கும் பார்க்க அதே ப்ளக்தான். பேசும் மொழி வேறு. நேராக மாட்டினால் வேலை செய்யாது. ஆப்பிளின் பழைய கீபோர்டுகள் 1986-ல் வந்த ஏடிபி என்ற இணைப்பைப் பயன்படுத்தின. அதற்கும் தனி மாற்றி வேண்டும். இந்த மாற்றிகளின் விலையைக் கீபோர்டு விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் எதிர்பாருங்கள். மாடல் எம் கீபோர்டின் வழக்கமான 101 கீ அமைப்பில் விண்டோஸ் கீ கிடையாது. அந்தக் கீ பிறந்ததே 1990களின் நடுவில்தான்.

தவறானது வந்துவிட்டது. இனி என்ன?

முதலில் விற்பவரின் விளம்பரத்தைத் திரும்பப் படியுங்கள். "க்ளிக்கி", "மெக்கானிக்கல்" என்று எழுதிவிட்டு ரப்பர் டோம் அனுப்பியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. விளம்பரத்தின் படத்தையும் நீங்கள் பேசிக்கொண்டதையும் சேமித்து வைத்திருந்தால் வாதாட எளிது. பெயரை மட்டும் எழுதி, ஸ்விட்ச் பற்றி ஒன்றும் சொல்லாமல் விற்றிருந்தால் கஷ்டம்தான்.

ஸ்விட்சை மட்டும் மாற்றலாமா? அது எந்தக் கீபோர்டு என்பதைப் பொறுத்தது.

செர்ரி எம்.எக்ஸ். என்றால் வழி உண்டு. ஒவ்வொரு ஸ்விட்சிலும் இரண்டு இடத்தில் ஈயம் வைத்திருப்பார்கள். 104 கீகள் என்றால் 208 இடங்களில் ஈயத்தை உருக்கி எடுத்து, புதிய ஸ்விட்சுகளை வைத்து, மீண்டும் 208 இடங்களில் ஈயம் வைக்க வேண்டும். சால்டரிங் தெரிந்தவருக்கே ஒரு நாள் பிடிக்கும். அவசரப்பட்டுச் சூடு அதிகமானால் போர்டில் உள்ள செப்புக் கோடு பெயர்ந்துவிடும்.

ஐ.பி.எம். ரப்பர் டோம் வகையில் ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து வைக்க முடியாது. உள்ளமைப்பே வேறு. செர்ரி ஜி81 வந்துவிட்டால் அதை எம்.எக்ஸ். ஆக மாற்ற வழியில்லை. ஆனால் ஓர் ஆறுதல். அதன் கீகேப்புகளில் பல எம்.எக்ஸ். கீபோர்டில் பொருந்தும். நல்ல தடிமனான பழைய கீகேப்புக்காகவே ஜி81 வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையைச் சொல்லி அவர்களுக்கு விற்றுவிடலாம். நீங்கள் விற்கும்போது அந்த மூன்று படங்களையும் நீங்களே போட்டுவிடுங்கள். உங்களுக்கு வந்த ஏமாற்றம் இன்னொருவருக்கு வர வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். க்ளிக்கி கேட்டு லீனியர் வந்தவர்களில் சிலர், விரல் பழகிய பிறகு அதையே விரும்பி வைத்துக்கொண்டதும் உண்டு.

பழையதுதான் வேண்டுமா?

வேண்டும் என்று ஆசைப்பட்டால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் முதல் மெக்கானிக்கல் கீபோர்டே பழையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்விட்சை ஈயம் இல்லாமல் கையால் பிடுங்கி மாற்றும் வசதியுள்ள புதிய கீபோர்டுகள் இப்போது கிடைக்கின்றன. இவற்றை ஹாட் ஸ்வாப் என்கிறார்கள். பிடிக்காவிட்டால் கீபோர்டைத் தூக்கிப் போட வேண்டாம், ஸ்விட்சை மட்டும் மாற்றினால் போதும். வளையும் ஸ்பிரிங்கேதான் வேண்டும் என்கிறவர்களுக்கு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1996-ல் தொடங்கிய யூனிகாம்ப் நிறுவனம் அதே முறையில் புதிய கீபோர்டுகளைச் செய்துவருகிறது. யூ.எஸ்.பி. இணைப்பும் விண்டோஸ் கீயும் அவற்றில் உண்டு.

எதை வாங்குவது என்றே தெரியவில்லையா? நான்கைந்து வகை ஸ்விட்சுகளை ஒரு சிறிய பலகையில் பொருத்திச் சோதனைக்கென்றே விற்கிறார்கள். அதை வாங்கி, அல்லது வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டு, ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எது வேண்டும் என்பதை உங்கள் விரலே சொல்லிவிடும்.

பலாப்பழத்தின் முள்ளைப் பார்த்துச் சுளையின் ருசியைச் சொல்ல முடியாது. பழைய கீபோர்டும் அப்படித்தான். கம்பெனிப் பெயரும் வெளிக்கூடும் பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதிக் கதை பின்பக்க லேபிளிலும் ஓர் எழுத்துக் கீயின் அடியிலும் இருக்கிறது. அந்த இரண்டையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு பர்ஸைத் திறங்கள்!